எழுதாமல் முடுக்கிய நாலு ஸ்க்ரூ

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டிலும் சொல்கிறார்கள், வேலை செய்கிற இடத்திலும் சொல்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ லொடலொடவென்று ஆடினால் எனக்குச் சோறு இறங்காது. ஃபேன், கேஸ் அடுப்பு, பஸ் சீட்டு, எதுவாக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் பதினாலு வருஷமாக டை செட்டர் வேலை பார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான்? டை என்றால் தகட்டை அமுக்கி உருவம் கொடுக்கிற இரும்பு அச்சு. ஒவ்வொன்றும் இரண்டு டன், மூன்று டன். அதைப் பிரஸ் மெஷினின் மேடையில் நேராக உட்காரவைத்து, போல்ட் போட்டு, இம்மி அசையாமல் முடுக்குவது என் பாடு. அசைந்தால் தகடு கோணும், டை உடையும், ஆளே போனாலும் போவான். முடுக்கு, இன்னும் கொஞ்சம் முடுக்கு. எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

அந்த டையைத் தூக்கிக்கொண்டுவந்து என் முன்னால் இறக்குகிற கிரேன் ஆபரேட்டர்தான் என் கூட்டாளி. என் வயசு. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன், அதனால் பேச்சில் நடுநடுவே ஒரு ‘நைனா’ விழும். எனக்கு நேர் எதிர்; அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முன்பெல்லாம் மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன். பிறகு ரிமோட் வந்தது. கழுத்தில் பட்டை மாட்டி, வயிற்றுக்கு நேரே தொங்கவிட்டுக்கொள்கிற மஞ்சள் பெட்டி, அதில் இரண்டு குச்சி. மற்ற ஆபரேட்டர்கள் ஒரு மாசம் திணறினார்கள். இவன் மதியச் சாப்பாட்டுக்குள் பழகிவிட்டான். இருபதடி தள்ளி நின்று கட்டைவிரலால் குச்சியைத் தடவுவான். மூன்று டன் இரும்பு வைக்க வேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் போய் உட்காரும்.

அந்த ரிமோட் வந்த வருஷம்தான், காக்களூரில் மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனியின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைக் கார் ரேஸ் நடக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் போனோம். பொம்மை என்று இப்போது எவனாவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். பேட்டரியில் ஓடும், ரிமோட்டால் ஓட்டுவார்கள். நிஜக் காருக்கு இருக்கிற ஸ்பிரிங், ஆயில் அடைத்த ஷாக் அப்சார்பர், எல்லாம் சுண்டுவிரல் அளவில் இதற்கும் உண்டு. அது நம்மைத் தாண்டிப் போகும் வேகத்தைக் கண்ணால் தொடர்வதே கஷ்டம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “மச்சி, இது நம்ம கிரேன்தான்டா. இன்னா, கொஞ்சம் அவசரப்படுது.”

இரண்டு பேரும் சேர்ந்து பழைய கார் ஒன்று வாங்கினோம். என் வீட்டுக்காரி அதை நடுக்கூடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நாப்பது வயசுல பொம்மை காரு. நல்லா கீது போ. ரெண்டு பேரும் தொட்டில்ல படுத்துக்கினு ஓட்டுங்க” என்றாள். அப்புறம் ஒருநாள் காக்களூர் வந்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காரை நடுக்கூடத்தில் வைக்கவும் விடவில்லை.

இந்தக் காரின் முதுகெலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதில்தான் நடந்தது. அடியில் அகலமாக ஒரு கார்பன் தகடு, சேசிஸ். அதற்கு மேலே ஒல்லியாக இன்னொரு தகடு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறவை சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். மேல் தகட்டின் ஸ்க்ரூ எல்லாம் இருந்தால் கார் முறைப்பாக இருக்கும். ஸ்டீரிங்கைத் தொட்ட மாத்திரத்தில் மூக்கு திரும்பும். அங்கே இரண்டு, இங்கே இரண்டு எடுத்துவிட்டால் கார் நீளவாக்கில் லேசாக வளைந்து கொடுக்கும். அப்போது திரும்பச் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும். நாம் தப்பாகச் சொல்லியிருந்தால் சொன்னதை மாற்றிக்கொள்ள ஒரு கண் சிமிட்டும் நேரம் கிடைக்கும். வழுக்குகிற தரையில் வளைகிற காருக்குப் பிடிப்பும் கூடுதல். அதனால் ரேஸ்காரர்கள் இதைப் பற்றி அடித்துக்கொள்வதற்கு முடிவே கிடையாது. ஆளுக்கு ஒரு கட்சி. ஒவ்வொருவனும் காரைக் கையில் எடுத்து, துணி பிழிகிற மாதிரி இரண்டு முனையையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான்.

நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அதிசயம் என்னவென்றால் அவனும் அதே கட்சிதான். “காரு முறைப்பா இருந்தாத்தான் கை சொல்றத கேக்கும். கை சுத்தமா இருந்தா காரு வளைய தேவையில்ல” என்பான். அவன் கை சுத்தம். எங்கள் இரண்டு பேரில் வேகமானவன் அவன்தான், இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

காக்களூரில் ஜோடி ரேஸ் என்று ஒன்று உண்டு. ஒரு கார், இரண்டு ஆள். பத்து நிமிஷம் ஒருத்தன், பேட்டரி மாற்றியதும் அடுத்த பத்து நிமிஷம் இன்னொருத்தன். சரக்கு லாரிக்கு மூட்டை ஏற்றுகிற சிமெண்ட் மேடைமேல் நின்றுதான் எல்லோரும் ஓட்ட வேண்டும். அங்கிருந்து இறங்கக் கூடாது. ஒரே கார் என்பதால் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எங்களுக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஒரே ஷிஃப்ட். மற்ற வாரங்களில் நான் வெளியே வரும்போது அவன் உள்ளே போவான். அதனால் கம்பெனியில் இருக்கிற மாதிரியே காருக்கும் ஒரு ஷிஃப்ட் நோட்டு போட்டோம். கார் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் நோட்டும் கூடவே போகும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் ஒரு ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான். எழுதாமல் விட்டுப்போன ஒரு போல்ட்டால் எங்கள் பிரஸ் ஒன்று மூன்று நாள் நின்றிருக்கிறது.

ஐந்து வருஷம் அந்த நோட்டில் சண்டைக்கு இடமே வரவில்லை. போன ஆடி மாசம் கழிந்து ஒருநாள் இப்படி ஒரு வரி வந்தது: ‘மேல் பிளேட் பின்பக்கம் 2 ஸ்க்ரூ எடுத்தாச்சு. தூசி ஜாஸ்தி.’ சரி, தூசிதான், பிடிப்பு இருக்காது என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து: ‘முன் ஸ்பிரிங் மாத்தியாச்சு. சாஃப்ட்.’ நான் கீழே சிவப்பில் எழுதினேன்: ‘பார்த்தேன். ஒப்பவில்லை.’ அதற்கு அடுத்து: ‘முன்பக்கமும் 2 எடுத்தாச்சு. ஷாக்குல மெலிசு ஆயில்.’ அப்புறம்: ‘ரிமோட்டில் ஸ்டீரிங் வேகம் குறைச்சாச்சு.’

நான் எழுதினேன்: ‘அடுத்து இன்னா, சக்கரத்தையும் கழட்டப் போறியா?’

அவன் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தான்: ‘அது வேணாம். இல்லாட்டி ஓடாது.’

மழை பெய்து முற்றம் கழுவிவிட்ட மாதிரி ஆன பிறகும் அந்த ஸ்க்ரூக்கள் திரும்பி வரவில்லை. கார் நமத்துப்போன அப்பளம் போல ஆகிவிட்டது. நான் ஓட்டினால் வளைவில் மூக்கு போகவே மாட்டேன் என்கிறது. வழக்கமாக இரண்டாவது, மூன்றாவது வருகிற நாங்கள் ஏழாவது வந்தோம். “இன்னாடா ஆச்சு உனுக்கு? சாமியாரா போய்ட்டியா?” என்று கேட்டேன். “நிதானமா ஓட்டுவோம் மச்சி. எங்க ஓடிப்போவுது?” என்றான். ரேஸில் நிதானமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருஷக் கடைசி ஜோடி ரேஸுக்கு முந்தின நாள் கார் என் வீட்டில் இருந்தது. அது வரைக்கும் நாங்கள் ஒரு ஜோடி ரேஸ்கூட ஜெயித்ததில்லை. மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தேன், காரைக் கையில் எடுத்துத் திருகினேன், அது வெட்கமே இல்லாமல் வளைந்தது. அவ்வளவுதான். நாலு ஸ்க்ரூவையும் போட்டேன். சும்மா போடவில்லை, என் கை முடுக்கு முடுக்கினேன். பழைய ஸ்பிரிங்கை மாட்டினேன், கெட்டி ஆயில் ஊற்றினேன், ரிமோட்டில் ஸ்டீரிங் வேகத்தைப் பழையபடி ஏற்றினேன். நோட்டு பக்கத்திலேயே கிடந்தது. எழுதவில்லை. எழுதினால் காலையில் படித்துவிட்டு மறுபடி கழற்றுவான். மேலே மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது என்று நினைத்தேன். நான் போட்ட சட்டத்தை நானே மீறினேன், அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை என் வண்டியில்தான் போனோம். ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி, பெரியபாளையம் வழியாக. போகிற வழியில் நாஷ்டா. அவன் பின்னால் காரைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே போனதும் பையைத் திறந்து காரைத் திருகிப் பார்க்கப் போனான். “எல்லாம் பாத்தாச்சு, கூப்புட்டானுங்க, வா வா” என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

முதல் பத்து நிமிஷம் நான். என்ன சொல்வது, கார் பறந்தது. கை நினைப்பதற்குள் மூக்கு திரும்பியது. நாலாவதாகக் கிளம்பி, ஆறாவது நிமிஷம் முதலாவது. பேட்டரி மாற்ற உள்ளே வந்தபோது எங்களுக்கும் இரண்டாவது காருக்கும் நடுவில் அரைச் சுற்று இடைவெளி. “தூக்கிட்டேன்டா! சும்மா கொண்டுபோய் சேத்துடு, போதும்” என்று கத்தி ரிமோட்டை அவன் கையில் திணித்தேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவன் ஓட்ட ஆரம்பித்த முதல் வளைவிலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கைக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி காரைப் பார்த்தான். மேடைக்கு அருகில் இருக்கிற மூன்று வளைவுகளையும் நூல் பிடித்தாற்போல எடுத்தான். முற்றத்தின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் கான்கிரீட் தூணை ஒட்டிக் கடைசி வளைவு. அங்கே தடத்துக்கு எல்லையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் பைப்பை உரசினான். அடுத்த சுற்றில் அதே வளைவில் அகலமாகப் போனான். அதற்கடுத்து மறுபடி பைப்பில் ஏறி இறங்கினான். ஒரு கார் எங்களைத் தாண்டியது. இன்னொன்று. அப்புறம் அந்த வளைவில் எங்கள் கார் நேராகப் போய்த் தூணில் மோதியது. சத்தம் மேடைவரை கேட்டது. ஒரு சக்கரம் தனியாக உருண்டு போனது.

நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “டேய், கண்ணு இன்னா பொடனிலியா கீது? அவ்ளோ பெரிய தொட்டிடா அது! நான் தட்டுல வச்சி குடுத்தேன், அத்த வாங்கிக்கினு போக துப்பில்ல உனுக்கு!” இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது.

அவன் ரிமோட்டை மேடைமேல் மெதுவாக வைத்தான். “ஸ்க்ரூ போட்டியா?”

“போட்டேன்.”

“எத்தினி?”

“நாலும்.”

“எழுதலியே” என்றான். மேடை ஓரத்தில் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

காரை எடுத்துவரத் தொட்டிப் பக்கம் நடந்தேன். ரேஸ் முடிந்திருந்தது. மழை விட்டு லேசாகத் தூசி மறுபடி படிந்திருந்தது. முறைப்பான கார் தூசியில் கோடு கிழித்தாற்போலத் தடம் விடும். வளைந்து கொடுக்கிற கார் மெதுவாக அகலமாகத் திரும்பிக் கோட்டைக் கலைத்துவிடும். அதனால் இத்தனை மாசம் எங்கள் தடத்தை என்னால் படிக்க முடிந்ததில்லை. அன்றைக்குப் படிக்க முடிந்தது. எங்கள் டயர் மற்றவர்களுடையதைவிட ஒல்லி, அடையாளம் தெரியும். மேடைக்குக் கிட்டே இருக்கிற வளைவுகளில் எல்லாச் சுற்றுக்கும் சேர்த்து ஒரே கோடு. தொட்டி வளைவில் கோடுகள் இறைந்து கிடந்தன. ஒரு சுற்றில் அரை முழம் முன்னாலேயே திரும்பியிருக்கிறான். இன்னொன்றில் அரை முழம் தாண்டித் திரும்பியிருக்கிறான். கை சுத்தமில்லாதவன் எல்லா வளைவிலும்தான் தடுமாறுவான். இவன் கிட்டே கச்சிதம், தூரத்தில் குருட்டாம்போக்கு.

உடைந்த காரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நோட்டில் அவன் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பின் ஸ்க்ரூ, முன் ஸ்பிரிங், முன் ஸ்க்ரூ, ஆயில், ஸ்டீரிங். எல்லாமே காரை மெதுவாகத் திரும்பவைக்கிற வேலை. எங்கே திரும்புவது என்று தெரியாதவனுக்குத்தான் அந்த அவகாசம் வேண்டும். அப்புறம் வேறு விஷயங்களும் வந்தன. முன்பெல்லாம் போகும்போது அவன் வண்டி ஓட்டுவான், வரும்போது நான். அவன் ஓட்டி நாலு மாசமாகிறது. கம்பெனியில் இருபதடி தள்ளி நின்று டை இறக்கியவன் இப்போது எட்டடியில் வந்து நிற்கிறான். ‘வயசாவுது மச்சி, உன்ன கிட்ட பாக்கணும்னு ஆசையா கீது’ என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். கம்பெனியில் கிட்டே வந்து நின்றுகொள்ளலாம். இங்கே மேடையை விட்டு இறங்க முடியாது.

வண்டிக்கிட்டே வந்ததும் சாவியை அவனிடம் தூக்கிப் போட்டேன். “நீ ஓட்டு.” மூன்று கஜம் இருக்கும். அவன் இரண்டு கையையும் நீட்டினான். கை மூடுவதற்கு முன்பே சாவி நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் குனிந்து எடுத்து, தட்டித் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான். “நீயே ஓட்டு நைனா.”

பெரியபாளையத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு டீ வாங்கி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன்.

“எந்தக் கண்ணு?” என்றேன்.

“எடது. ஆடிலேர்ந்து புகை மாதிரி கீது. ஒத்தக் கண்ணுல பாத்தா எது கிட்ட, எது தூரம்னு புடிபடல. பக்கத்துல இருந்தா தெரியுது.”

“டாக்டரு?”

“பாத்தேன். சுகர்னால வந்துதாம். ஊசி போட்டா இருக்கறது நிக்குமாம். போனது போனதுதான்.”

“கம்பெனில கண்ணு டெஸ்டு வச்சானே, போன மாசம்?”

சிரித்தான். “அந்த போர்டு எழுத்து பதினஞ்சு வருசமா அதேதான மச்சி. தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “என் தலைக்கு மேலடா தூக்கினு போற நீ. மூணு டன்னு!”

“உன் கை எங்க இருக்கும்னு எனுக்குத் தெரியும்” என்றான். அதுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. டை மேடையில் உட்காரும்போது நான் இடது உள்ளங்கையை மேடைமேல் வைத்துக்கொள்வேன், டைக்கும் மேடைக்கும் நடுவில். டை நெருங்க நெருங்க அது நேராக வருகிறதா என்று விரலுக்குத் தெரியும். கடைசி நிமிஷத்தில் கையை உருவிக்கொள்வேன். சட்டப்படி அது பெரிய தப்பு. வேறு எந்த ஆபரேட்டர் வேலையில் இருந்தாலும் நான் அதைச் செய்ய மாட்டேன், கம்பியால்தான் தள்ளிப் பார்ப்பேன். இவன் வந்தால் மட்டும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை வைப்பேன். “கை இருக்கற வரைக்கும் நான் எறக்க மாட்டேன். கிட்ட வந்து நின்னு பாத்துதான் எறக்கறேன். இத்தினி வருசத்துல ஒரு சிராய்ப்பு உண்டா உனுக்கு?”

இல்லை.

“போய் சொல்லிடுடா” என்றேன்.

“சொன்னா கிரேன்லேர்ந்து எறக்கிடுவான். அப்பால நான் யாரு? பேக்கிங்ல குந்தவச்சி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுவான், இல்ல ஊட்டுக்கு அனுப்புவான். ரெண்டு புள்ள படிக்குது.” கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும்போது பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்து வைத்தான். “நீ சொல்லிடாத மச்சி. நானே சொல்றேன். இப்ப வேணாம்.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். அவன்மேல் கோபம், அவனை நினைத்தால் பாவம், அத்தனை பேர் முன்னால் கண்ணைச் சொல்லித் திட்டியதற்கு வெட்கம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம். பயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏதோ ஒரு மாதிரி அவனிடம் சொல்லிவிட்டேன். “திட்டிட்டேன்டா” என்றபோது, “அது இன்னா புதுசா?” என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். “இன்னாயா, மூஞ்சி செத்துப் போய் கீது? தோத்துட்டீங்களா?”

“தோத்துட்டோம்.”

“அதுக்கா இப்டி குந்திக்கினு கீற? அடுத்த வருசம் ஜெயி.” காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை, அன்றைக்குத்தான் மறைத்தேன். சாயங்காலம் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘4 ஸ்க்ரூ போட்டது நான். ஸ்பிரிங், ஆயில், ஸ்டீரிங் மாற்றியதும் நான். எழுதாதது என் தப்பு.’ கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த நாலு ஸ்க்ரூவையும் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுவைத்தேன். முடுக்கிய முடுக்கில் ஒன்று வராமல் மூச்சு வாங்கிவிட்டது.

திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட், காலை ஷிஃப்ட். உள்ளே நுழையும்போது, “சாப்ட்டியா?” என்றான். “ஆச்சு” என்றேன். பெரிய பிரஸ்ஸுக்கு டை மாற்ற வேண்டியிருந்தது. பழையதை இறக்கி, மேடையைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை வழித்துவிட்டு நின்றேன். அவன் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான். கிரேன் டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஊர்ந்து வந்தது. எட்டடி தள்ளி நின்றான். டை தலைக்கு மேலிருந்து இறங்கி, நெஞ்சு உயரத்துக்கு வந்து, இன்னும் இறங்கி, மேடைக்கு இரண்டு சாண் மேலே நின்றது. கை வைக்க வேண்டிய நேரம்.

வைக்கத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், வைக்கத்தான் போனேன். பாதி தூரம் போன கை தானாகத் திரும்பி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

டை இறங்கவில்லை.

“எறக்கு” என்றேன், தலை நிமிராமல்.

இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் டையைப் பார்க்கவில்லை. மேடையில் என் கை எப்போதும் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டடியில் அவனுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

“கை எங்க மச்சி?”

“இல்லடா, கிளவுஸு கிழிஞ்சி போச்சி, எண்ணெ வேற...” என்று ஏதோ உளறினேன். கிளவுஸ் கிழியவில்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் குச்சியை நகர்த்தினான். டை மேலே ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, ஆளில்லாத இடத்தில் தரையில் போட்டிருந்த மரக்கட்டைகள்மேல் போய் உட்கார்ந்தது. சத்தமில்லாமல்தான் உட்கார்ந்தது. கொக்கியைத் தளர்த்தினான். கிரேனை அணைத்தான். கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றிப் பெட்டியின்மேல் ஒழுங்காகச் சுற்றினான். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

“பரவால்ல மச்சி. நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்.”

ஷிஃப்ட் இன்சார்ஜ் மேஜைவரை நடந்துபோய் மஞ்சள் பெட்டியை அதன்மேல் வைத்தான். “சார், எனுக்கு எடது கண்ணு தெரியல. வேற ஆள கூப்புடுங்க” என்று சொன்னது பிரஸ் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. இன்சார்ஜ் எழுந்து நின்றார், அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் காலியாக இருந்த மேடைக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தேன்.

என்னைத் தேற்றுவதற்காக அவன் பொய் சொல்லிவிட்டுப் போனான். கண் போனவன் நானாக இருந்து, மேடையருகே நின்றவன் அவனாக இருந்தால், அவன் கையை எடுத்திருக்க மாட்டான்.